அயலார் காட்சி: மனை விற்போர் தம்மை மெய்ப்பித்த வரலாறு

வீடு ஒன்றை விலைக்கு வாங்க முற்படுவோர் மூன்று வினாக்களுக்கு விடை பெறுதல் வேண்டும். இவ்வீடு யாருக்கு உரியது? உரியவர் விற்க இசைகின்றாரா? விற்க வந்து நிற்பவர் அவ்வுரியவர்தாமா? முதல் வினாவிற்கு முன்னைய கிரயப் பத்திரமும் பட்டாவும் வில்லங்கச் சான்றும் விடை கூறும். இரண்டாம் வினாவிற்கு விற்பவரின் வாய்மொழியும் கையொப்பமும் விடையாகும். மூன்றாம் வினாவே கடினமானது. பத்திரத்தில் உள்ள பெயருக்கும் எதிரே நிற்கும் ஆளுக்கும் உள்ள தொடர்பை எந்தப் பத்திரமும் தானாகக் காட்டுவதில்லை. இன்று அத்தொடர்பைக் காட்டுமாறு முகப்படம் பொறித்த அட்டை ஒன்று கேட்கப்படுகிறது. அவ்வட்டை இல்லாத முதியோர், தாம் பிறந்து வாழ்ந்த வீட்டின் முன்னின்று 'நான் நானே' என்று மெய்ப்பிக்க வழியறியாது திகைக்கின்றனர்.

ஒளிப்படக் கலை தோன்றியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். தமிழகத்தில் மனையும் நிலமும் ஓலை எழுதி விலையாகி வருவதோ ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வழக்கம். முகப்படம் என்பதே இல்லாத அந்நெடுங்காலத்தில் விற்பவர் தம்மை இன்னார் என்று எவ்வாறு நிறுவினர்? இலக்கியமும் கல்வெட்டும் பதிவுச் சட்டமும் இவ்வினாவிற்குத் தரும் விடைகளைத் தென்காசி, குற்றாலம் வட்டாரச் சூழலோடு இணைத்துக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அறிவார் இல்லா ஊர்

தன் பொருளை விற்கச் சென்ற இடத்தில் தன்னை அறிவார் இல்லாமையால் அழிந்தவன் சிலப்பதிகாரத்துக் கோவலன். அவன் விற்க எடுத்துச் சென்றது மனையன்று, மனைவியின் காற்சிலம்பு. ஆயினும் அவனுக்கு நேர்ந்த இடர், உரிமைப் பொருளை விற்க வரும் அயலூரான் ஒவ்வொருவனுக்கும் உரிய இடரே. சிலம்பு அவனுக்கு உரியது என்பதிலோ, அதனை விற்கும் கருத்து அவனுக்கு இருந்தது என்பதிலோ ஐயமில்லை. அவன் இன்னான் என்று சொல்வார் மதுரைத் தெருவில் ஒருவரும் இல்லை என்பதே குறை.

அவனை அறிந்தோர் இல்லாமல் இல்லை. கவுந்தியடிகள் அறிவார், மாடலன் அறிவான், அடைக்கலம் தந்த மாதரி அறிவாள். இளங்கோவடிகள் இம்மூவரையும் மதுரை மதிலுக்கு வெளியே புறஞ்சேரியிலும் ஆயர்பாடியிலும் நிறுத்தி, கோவலனைத் தனியனாக நகருக்குள் அனுப்புகிறார். பொற்கொல்லன் ஒருவனின் சொல்லே அவனைப் பற்றி அரண்மனையில் ஒலித்த ஒரே சொல்லாயிற்று. மறுத்துரைக்கும் சான்று மதிலுக்கு வெளியே இருந்தது. பின்னர்க் கண்ணகி சிலம்பை உடைத்து உள்ளிருந்த மாணிக்கப் பரலைக் காட்டிப் பொருளின் உரிமையை நாட்டினாள். ஆளை அறியும் வாய்ப்போ அதற்கு முன்பே வாளால் முடிந்து போயிருந்தது.

இதற்கு நேர் எதிரான வழக்கு ஒன்றைச் சேக்கிழார் பெரிய புராணத்தில், தடுத்தாட்கொண்ட புராணத்துள், விரித்துரைக்கிறார். புத்தூரில் சுந்தரரின் திருமணப் பந்தரில் முதிய அந்தணர் ஒருவர் தோன்றி, சுந்தரர் தமக்கு அடிமை என்கிறார். ஓலையும் உண்டு என்கிறார். சுந்தரர் அதனைப் பறித்துக் கிழிக்க, கிழிபட்டது படியோலையே, மூலவோலை காப்பில் உள்ளது என்கிறார் முதியவர். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்கு ஏறுகிறது. அவையோர் மூன்று வகைச் சான்றுகளைச் சுட்டுகின்றனர்: வழிவழியாக வரும் ஆட்சி, எழுதப்பட்ட ஆவணம், கண்டறிந்த அயலார் கூறும் காட்சி. இவற்றுள் ஒன்றேனும் வேண்டும் என்பது அவர்தம் முறை.

மூலவோலை அவையில் படிக்கப்படுகிறது. சான்றுக் கையெழுத்துகள் நோக்கப்படுகின்றன. சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலை காப்பிலிருந்து கொணரப்பட்டு, இரு கையெழுத்தும் ஒப்பிடப்படுகின்றன. இன்றைய நீதிமன்றங்களில் கையெழுத்து வல்லுநர் செய்யும் பணியை அன்றைய அவையோரே செய்கின்றனர். ஓலை மெய்யாகிறது, முதியவர் வெல்கிறார்.

சேக்கிழாரின் கூர்மை இதன்பின் வெளிப்படுகிறது. ஆவணம் மெய்யான பின்னும் அவையோர்க்கு ஓர் ஐயம் எஞ்சுகிறது. இவ்வூரார் என்று கூறும் நும்முடைய மனை எங்குள்ளது, காட்டுக என்கின்றனர். எவரும் தம்மை அறியீராயின் உடன் வருக என்று கூறி, முதியவர் திருவருட்டுறைக் கோயிலுள் புகுந்து மறைகிறார். ஓலை மெய்ப்பட்டது, ஓலைக்கு உரிய ஆளை ஊரில் யாரும் கண்டறியார். ஆவணத்தை மெய்ப்பித்தலும் ஆளை மெய்ப்பித்தலும் வெவ்வேறு என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் இலக்கியப் பகுதி தமிழில் அரிது. மனையைக் காட்டுதல் ஒருவர் தம்மைக் காட்டுவதற்கு வழியாகக் கருதப்பட்டது என்பதும் இங்குக் கருதத்தக்கது.

ஓலையும் எழுத்தும்

கல்வெட்டுகளில் காணப்படும் நில விற்பனை ஆவணங்கள் இலக்கியத்தின் இக்காட்சிக்கு நடைமுறைச் சான்றாகின்றன. 'விலைப்பிரமாண இசைவுத் தீட்டு' என்றும் 'விலையாவணம்' என்றும் வழங்கும் அவற்றின் அமைப்பு பெரும்பாலும் ஒரே முறையில் செல்லும். அரசனின் ஆட்சியாண்டு முதலில் வரும். விற்பவரின் ஊரும் பெயரும் அடுத்து வரும். நிலத்திற்கோ மனைக்கோ கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என நான்கெல்லை கூறப்படும். 'ஆவணக்களரி'யில் பொருள் முழுவதும் கைக்கொண்டமை சொல்லப்படும். இதுவே விலையோலை, இதுவே பொருள் செலவுக்கான ஓலை, வேறு ஓலை காட்டக் கடவோம் அல்லோம் என்ற உறுதியும் இடம்பெறும். இறுதியில் 'இவை என் எழுத்து' என்று ஒவ்வொருவரும் ஒப்பமிடுவர்.

நான்கெல்லையுள் அண்டை நிலத்தாரின் பெயர்கள் வருகின்றன. விற்கும் மனைக்குக் கிழக்கே இருப்பது யாருடைய மனை, வடக்கே இருப்பது யாருடைய தோட்டம் என்று ஆவணம் கூறும்போது, அவ்வெல்லை மனிதர்கள் அனைவரும் விற்பனைக்குச் சாட்சிகளாகி விடுகின்றனர். விற்பவர் பொய்யர் எனில் வேலியின் மறுபக்கத்தில் இருப்பவர் அறியாதிருக்க இயலாது. இன்றைய கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்திலும் நான்கெல்லை இடம்பெறுவது இம்மரபின் தொடர்ச்சியே.

எழுதத் தெரியாதவர் விற்க நேர்ந்தால் அவர் தம் கையால் ஒரு குறியை இட்டனர். தானே இட்ட குறி ஆதலின் அது தற்குறி எனப்பட்டது. அதன் அருகே எழுத்தறிந்த மற்றொருவர், இது இன்னாருடைய குறி என்று எழுதிச் சான்றளித்தார். அவ்வாறு சான்றளித்தலைத் 'தற்குறி மாட்டெறிதல்' என்று கல்வெட்டு வழக்குக் குறிக்கிறது. பனையோலையில் எழுத்தாணியால் இழுத்த கோடே கீறல். ஓலை மறைந்து தாள் வந்த பின்னும், எழுதப் படிக்கத் தெரியாதவரின் ஒப்பத்திற்குக் கீறல் என்னும் பெயரே பத்திரங்களில் நிலைத்தது.

தற்குறி என்னும் சொல்லின் பிற்கால வரலாறு வருந்தத்தக்கது. குறியைக் குறித்த சொல் குறியிட்டவரைக் குறிப்பதாயிற்று. பின்னர் அறிவிலி என்னும் வசைச் சொல்லாகவும் இழிந்தது. சொல் பிறந்த இடத்தில் அவ்விழிவு இல்லை. எழுத்தறியாத ஒருவர் தம் நிலத்தைத் தாமே விற்கும் உரிமையுடையவர் என்பதையும், அவருக்கென எழுத்தறிந்தவர் ஒருவர் பொறுப்பேற்று நின்றார் என்பதையும் அச்சொல் உணர்த்தியது. குறியிட்டவரும் மாட்டெறிந்தவரும் சேர்ந்தே ஓர் ஒப்பமாயினர்.

முதுகண்

பெண்டிரைப் பொறுத்தவரை நிலை வேறு. பெண்டிர் நிலம் உடையவராயிருந்தமைக்கும், நிலத்தை விற்றமைக்கும் கொடையளித்தமைக்கும் சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகள் சான்று பகர்கின்றன. ஆயினும் பார்ப்பனப் பெண்டிர் ஈடுபடும் ஆவணங்கள் பலவற்றில், அவர் சார்பில் 'முதுகண்' எனப்படும் ஆடவர் ஒருவர் இடம்பெறுகிறார். கணவரோ, உடன்பிறந்தாரோ, மகனோ முதுகண்ணாக நிற்பர். நிலம் அவளுடையது, விற்கும் கருத்தும் அவளுடையது, அவள் இன்னாள் என்று உலகு காணும் கண்ணோ மற்றொருவருடையது.

முதுகண் என்னும் சொல் மறைந்தது. வழக்கம் பெயர் மாறித் தொடர்ந்தது. இருபதாம் நூற்றாண்டுப் பத்திரங்களில் ஆடவர் இன்னாருடைய குமாரர் எனவும், மணமான பெண் இன்னாருடைய பாரியாள் எனவும் குறிக்கப்பட்டனர். பிறந்த வீட்டார் எழுதி வைத்த மனைக்குரிய பத்திரத்தில் அவள் தந்தை பெயரால் அறியப்படுவாள். விற்கும் நாளில் கணவர் பெயரால் அறியப்படுவாள். இயற்பெயரும் வீட்டில் வழங்கிய பெயரும் வேறாக இருத்தலும் உண்டு. பத்திரத்தில் சுப்பம்மாள் என்றும் குடும்ப அட்டையில் சுப்புலட்சுமி என்றும் இருப்பின், இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்கும் சுமையும் அவள் மேலதே. இதற்காகவே, இரு பெயருக்கும் உரியவர் ஒரே நபர் என வருவாய்த்துறையிடம் சான்று பெறும் வழக்கம் உண்டாயிற்று.

குறத்தி கூறும் அடையாளம்

ஊரும் உறவும் சொல்லித் தன்னை அறிவிக்கும் இம்மரபின் அழகிய வடிவம் குற்றாலத்திலேயே உள்ளது. தென்காசியை அடுத்த மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியில், குறி சொல்ல வரும் குறத்தியை வசந்தவல்லி வினவுகிறாள். குறத்தி தன் பெயரோடு நின்றுவிடுவதில்லை. தன் மலையின் வளத்தைக் கூறுகிறாள். தன் உறவினர்க்கு உரிய மலைகளை வரிசையாக உரைக்கிறாள். தன் குலத்தின் தொழிலையும் ஊரின் பெருமையையும் விரிக்கிறாள். மலையும் கிளையும் கேட்ட பின்னரே வசந்தவல்லி தன் கையை நீட்டுகிறாள்.

இவ்வரிசையைக் கிரயப் பத்திரத்தின் தொடக்கத்தோடு ஒப்பிட்டால் ஒற்றுமை புலப்படும். இன்ன வட்டம், இன்ன கிராமம், இன்ன தெரு, இன்னார் மகன் அல்லது மனைவி, இன்னார் எழுதிக்கொடுத்தது என்பதே பத்திரத்தின் நடை. கவிராயர் குறத்தியின் வாயில் வைத்த வரிசையும் இதுவே. இடத்தாலும் இனத்தாலும் ஆளை அறிதல் நாட்டு வழக்கமாயிருந்தமையால், நாடகப் பாட்டும் விலையாவணமும் ஒரே முறையைக் கைக்கொண்டன.

நூலுக்குப் பரிசாக மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் கவிராயர்க்கு நிலம் அளித்தார் என்பது வரலாறு. அந்நிலம் குறவஞ்சி மேடு என வழங்குகிறது. இங்கு நிலம் உடையவரின் பெயரைக்கூடத் தாங்காது அவர்தம் நூலின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பதிவுச் சட்டத்தில் அயலார்

ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை மாகாணத்தில் 1802ஆம் ஆண்டின் பதினேழாம் ஒழுங்குமுறை ஆவணப் பதிவுக்கு வழி வகுத்தது. இந்தியா முழுமைக்கும் உரிய பதிவுச் சட்டம் 1864இல் இயற்றப்பட்டது. பலமுறை திருத்தி எழுதப்பட்டு 1908ஆம் ஆண்டின் பதினாறாம் சட்டமாக நிலைபெற்றது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை பதிவு செய்யப்பட்ட ஆவணத்தால் நிகழ வேண்டும் என விதித்தது. ஊரவைக்கு உரியதாயிருந்த பணி இவ்வாறு சார்பதிவாளர் மேசைக்கு வந்தது.

1908ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு சார்பதிவாளர் மேல் இரு கடமைகளைச் சுமத்துகிறது. ஆவணத்தை எழுதிக்கொடுத்ததாகக் கூறப்படுபவர் உண்மையில் எழுதிக்கொடுத்தாரா என விசாரித்தல் ஒன்று. வந்து நிற்பவர் தாம் கூறும் ஆளே என்று மனநிறைவு கொள்ளுதல் மற்றொன்று. சட்டத்தின் சொல் மனநிறைவு என்பதே. இன்ன அட்டை வேண்டும் என்பது அப்பிரிவில் இல்லை. சார்பதிவாளர் தம் அலுவலகத்தில் உள்ள எவரையும் இதன்பொருட்டு விசாரிக்கலாம்.

நடைமுறையில் இது எளிய வடிவம் பெற்றது. எழுதிக்கொடுப்பவரைச் சார்பதிவாளர் நேரில் அறிவார் எனில் அவரே அதனைக் குறித்தார். அறியார் எனில், அறிந்த இருவர் முன்வந்து, இவர் இன்னார் என்று கூறிக் கையெழுத்திட்டனர். பத்திரத்தின் பின்புறத்தில் 'நிரூபித்தவர்கள்' என்ற தலைப்பின் கீழ் அவர்தம் பெயரும் தந்தை பெயரும் முகவரியும் இடம்பெற்றன. பத்திரத்தின் முகப்பில் எழுத்துக்குச் சாட்சியிட்டவர் வேறு. பின்புறத்தில் ஆளை நிரூபித்தவர் வேறு. ஒருவரே இரு பணியையும் செய்தல் உண்டு. எனினும் பணி இரண்டே. வெண்ணெய்நல்லூர் அவையோர் கேட்ட மூன்றனுள் ஆவணமும் அயலார் காட்சியும் ஒரே தாளின் இருபுறத்திலும் இடம்பெற்று விட்டன.

பொய்யாக ஒருவரைப் போல் நின்று பத்திரம் எழுதிக்கொடுத்தல் 82ஆம் பிரிவின்படி ஏழாண்டுவரை சிறைத் தண்டனைக்கு உரிய குற்றமாகும். அதற்கு உடந்தையாய் இருப்போரும் தண்டனைக்கு உரியர். ஆகவே 'இவரை அறிவேன்' என்பது பொறுப்போடு சொல்லப்படும் சொல்லாகும்.

நோயால் வர இயலாதவர், சிறையில் உள்ளவர், நீதிமன்றத்திற்கு நேரில் வருவதினின்று சட்டத்தால் விலக்குப் பெற்றவர் ஆகியோரைச் சார்பதிவாளர் நாடிச் செல்லவோ, ஆணையர் ஒருவரை அனுப்பவோ 38ஆம் பிரிவு வழி செய்தது. வெளியே வரும் வழக்கமில்லாத பெண்டிர்க்கு இது பயன்பட்டது. மறைவுக்குப் பின்னிருந்து வரும் குரலை இன்னாருடையது என்று சொல்ல அங்கும் உறவினரே வேண்டியிருந்தனர்.

தென்காசி வட்டாரத்தில் இம்முறைக்கு ஒரு தனிச்சூழல் இருந்தது. தென்காசியும் குற்றாலமும் ஆங்கிலேயர் ஆண்ட திருநெல்வேலி மாவட்டத்தில் அமைந்தன. சில கல் தொலைவிலுள்ள செங்கோட்டையோ திருவிதாங்கூர் அரசுக்கு உரியது. 1956 நவம்பர் 1இல் மாநிலச் சீரமைப்பின்போதே அது சென்னை மாநிலத்தோடு இணைந்தது. உறவும் கொள்வினை கொடுப்பினையும் எல்லையைக் கடந்து நிகழ்ந்தன. பத்திரமும் பதிவும் எல்லைக்குள் நின்றன. இத்தகைய ஊர்களில் இருபுறமும் அறிந்த மாமனும் மைத்துனனும் எந்த முத்திரைக்கும் குறையாத சான்றாவர்.

ஊரை முற்றும் அறிந்தவர் என்று எண்ணப்பட்டவர் கிராமக் கணக்கர். கர்ணம் எனப்பட்ட அப்பதவி வழிவழியாக ஒரே குடும்பத்தில் நின்றது. அதனால் விளைந்த ஆதிக்கமும் கொடுமையும் பல. 1980இல் தமிழக அரசு அப்பதவிகளை ஒழித்தது. அவ்விடத்தில் கிராம நிர்வாக அலுவலர் வந்தனர். நேர்மைக்கு இம்மாற்றம் வேண்டுவதே. ஆயினும் மாறுதலில் வந்து செல்லும் அலுவலர், மூன்று தலைமுறையின் முகங்களை அறிந்திருத்தல் இயலாது. அறிமுகத்தின் இடத்தில் சான்றிதழ் அமர்ந்தது.

விரல்

எழுத்தறியாதவர் இட்ட குறியை எவரும் இடக்கூடும் என்பது குறிக்கு உள்ள குறை. இக்குறையை நீக்க எழுந்ததே கைரேகை முறை. அது உலகிற்குக் கிடைத்தது இந்தியாவிலிருந்தே. 1858இல் வங்காளத்தில் ஜங்கிப்பூரில் அதிகாரியாயிருந்த வில்லியம் ஹெர்ஷல், சாலைக்குச் சரளை தருவதாக ஒப்பந்தம் செய்த ராஜ்யதர் கோனாய் என்பவரின் முழுக் கைப்பதிவை ஒப்பந்தத்தின் பின்புறத்தில் பெற்றார். கையெழுத்தைப் பின்னர் மறுக்காதிருக்க ஓர் அச்சம் ஊட்டுவதே அவர்தம் முதல் நோக்கம். ரேகை மாறாதது என்பதைப் பல ஆண்டுகள் நோக்கித் தெளிந்த அவர், 1877இல் ஹூக்ளியில் ஓய்வூதியர்க்கும் சிறையாளர்க்கும் பத்திரப் பதிவு அலுவலகத்திற்கும் ரேகைமுறையைப் புகுத்தினார்.

குற்றவாளியைக் கண்டறியும் கருவியாக இன்று உலகம் அறியும் கைரேகை, தொடக்க நாளிலேயே நிலம் எழுதிக்கொடுப்பவரின் ஒப்பமாகவும் விளங்கியது. கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு 1897இல் நிறுவப்பட்டது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்குவதில் அஜிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்னும் இந்தியர் இருவரின் உழைப்புப் பெரிது. அம்முறை அவர்தம் மேலதிகாரி ஹென்றியின் பெயரால் உலகெங்கும் வழங்குகிறது. ஆளை அறியும் கலையைக் கண்டவர்களின் பெயரே அறியப்படாமல் போனது வரலாற்றின் முரண்.

தமிழகப் பதிவு அலுவலகங்களில் இடக்கைப் பெருவிரல் ரேகை பத்திரத்திலும் தனிப் பதிவேட்டிலும் பெறப்படலாயிற்று. தற்குறிக்கு இல்லாத வலிமை இதற்கு உண்டு. பத்தாண்டு கழித்து வழக்கு எழுந்தாலும் விரலையும் பதிவேட்டையும் ஒப்பிடலாம். ஆயினும் இதற்கும் ஓர் எல்லை உண்டு. முதல்முறை ரேகை வைப்பவரிடம் ஒப்பிடுவதற்கு முன்னைய ரேகை இல்லை. இன்று வைத்த ரேகையை நாளை மறுக்க இயலாது என்பதையே அது உறுதி செய்கிறது. இன்று வைப்பவர் யார் என்பதை அது கூறாது. அதனைக் கூற மீண்டும் இரு நிரூபணச் சாட்சிகளே வேண்டும். முதுமையாலும் கடுங்கைத்தொழிலாலும் ரேகை தேய்தலும் உண்டு. பெண்டிர் பலர் பீடி சுற்றி வாழும் இவ்வட்டாரத்தில் இது சிறிய செய்தியன்று.

முகம்

முகப்படம் அடையாளச் சான்றாக உலகில் பரவியது முதல் உலகப் போர்க்காலத்தில் (1914–1918) கடவுச்சீட்டின் வாயிலாக. இதில் தென்காசி வட்டாரத்திற்கு நெருங்கிய தொடர்பு உண்டு. கடையநல்லூர், தென்காசி ஊர்களின் முஸ்லிம் குடும்பங்கள் பல இருபதாம் நூற்றாண்டில் சிங்கப்பூருக்குப் பெயர்ந்தன. அங்குக் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941இல் தோன்றியது. ஊரில் விட்டுச் சென்ற வீட்டை விற்க வேண்டிய போது, நேரில் வர இயலாதவர் அயல்நாட்டு நோட்டரி அல்லது இந்தியத் தூதரக அலுவலர் முன் அதிகாரப் பத்திரம் எழுதியனுப்பச் சட்டம் இடந்தந்தது. அவ்வலுவலருக்கு அவரை இன்னார் என்று காட்டியது கடவுச்சீட்டிலுள்ள முகம்.

இங்கு ஓர் உண்மை புலனாகிறது. ஊரை விட்டுச் சென்றவருக்கே முகப்படச் சான்று தேவைப்பட்டது, கிடைத்தது. ஊரிலேயே பிறந்து, ஊரிலேயே மணந்து, ஊரிலேயே மூத்தவர்க்கு அது தேவைப்படவேயில்லை. எல்லாரும் அறிந்தவர் அவர். காலம் மாறி எல்லாரிடமும் முகப்படச் சான்று கேட்கப்படும் நாளில், கையில் ஒன்றுமின்றி நிற்பவர் அவ்வூரை ஒருபோதும் நீங்காத அவரே. அனைவராலும் அறியப்பட்டமையே அவர்க்குக் குறையாகி விடுகிறது.

தேர்தல் ஆணையம் முகப்பட வாக்காளர் அட்டையை 1993இல் ஆணையிட்டது. 2001ஆம் ஆண்டுத் திருத்தம் பதிவுச் சட்டத்தில் 32ஏ பிரிவைச் சேர்த்தது. அதன்படி பத்திரத்தில் முகப்படமும் விரல் ரேகையும் இடம்பெற வேண்டும். சொத்துரிமை மாறும் பத்திரத்தில் விற்பவர், வாங்குபவர் இருவருடையவையும் வேண்டும். ஆதார் எண் 2010இல் முதன்முதலாக வழங்கப்பட்டது. தமிழகப் பதிவுத்துறை 2018இல் இணையவழிப் பதிவு முறையைத் தொடங்கியது.

32ஏ பிரிவு கேட்கும் முகப்படத்தையும், அட்டையில் உள்ள முகப்படத்தையும் ஒன்றாகக் கருதி மயங்குவோர் பலர். பத்திரத்தில் இடம்பெறும் படம், பதிவு நாளில் வந்து நின்ற முகம் எது என்பதை வருங்காலத்திற்குக் காட்டும். அட்டையில் உள்ள படமோ அம்முகத்தை ஒரு பெயரோடு இணைக்கும். அட்டை இல்லாதவர்க்கும் முகம் உண்டு. ஆதலின் முதல் படத்திற்குத் தடையில்லை. குறைவது முகத்தைப் பெயரோடு இணைக்கும் கண்ணி ஒன்றே. அதனை நிரப்பச் சட்டம் தொடக்க முதல் வைத்திருந்த வழி நிரூபணச் சாட்சி. குடும்ப அட்டை, பள்ளிச் சான்றிதழில் குறிக்கப்பட்ட மச்சமும் தழும்புமாகிய அங்க அடையாளம், வரி ரசீது, முன்னைய பத்திரத்தில் உள்ள ரேகை ஆகியன அச்சாட்சிக்குத் துணையாவன. இன்று சாட்சிகளிடமும் அடையாள அட்டை கேட்கப்படுகிறது. ஆகவே அட்டையில்லாத ஒருவர்க்கு அட்டையுள்ள அயலார் இருவர் முதுகண்ணாகின்றனர் எனலாம்.

இம்முறையில் ஏமாற்று நுழைவதில்லை என்று கூறுவதற்கில்லை. கூலிக்குச் சாட்சி சொல்வோர் உண்டு. ஆள்மாறாட்டத்தால் வீடிழந்தோர் உண்டு. அதனாலேயே அலுவலர் அட்டையைக் கேட்கின்றனர், கேட்பதில் குற்றமில்லை. ஆனால் அட்டையும் தானே பிறப்பதன்று. ஓர் அட்டைக்கு மற்றோர் அட்டை சான்றாகி, அதற்கும் முந்தைய சான்றைத் தேடிச் சென்றால், எங்கேனும் ஓரிடத்தில் அண்டை வீட்டாரோ ஆசிரியரோ ஊர் அலுவலரோ, இவரை அறிவேன் என்று சொன்ன சொல்லில்தான் அது சென்று முடியும்.

எஞ்சும் கடமை

தென்காசிக் கோயிலை 1446இல் எழுப்பத் தொடங்கிய அரிகேசரி பராக்கிரம பாண்டியர், தம் செய்யுட்களைக் கல்லில் பொறித்து வைத்தார். பிற்காலத்தில் இக்கோயிலைக் காத்துப் பேணுவோரின் அடிகளைத் தாம் வணங்குவதாக அவற்றுள் கூறுகிறார். நாடாண்டவர்க்கும் தம் செயல் தம்முடையது என்று அறிந்து போற்றும் பின்னோர் தேவைப்பட்டனர். சிதைந்து கிடந்த அக்கோயிலின் கோபுரம் மீண்டும் எழுந்து 1990இல் குடமுழுக்குக் கண்டபோது அவ்வேண்டுகோள் நிறைவேறியது.

வீடு விற்கும் எளியோரின் வேண்டுகோள் இதனினும் சிறியது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாயிற்று, தெருக்கள் பெருகின, அடுக்கு வீடுகள் எழுந்தன, அண்டை வீட்டாரின் தந்தை பெயரை அறியாதோர் மிகுந்தனர். அயலார் காட்சியைச் சட்டம் கைவிடவில்லை. காட்சி தரும் அயலாரே குறைந்து வருகின்றனர். கணவரை இழந்து, மக்கள் தொலைவிற் சென்று, மருத்துவச் செலவிற்காக வீட்டை விற்க முனையும் மூதாட்டி ஒருவர்க்குத் தெருவில் தம்மை அறிந்த இருவர் கிடைக்கவில்லையெனில், கோவலன் நின்ற நிலையே அவர் நிலை.

இலக்கிய வட்டங்கள் இவ்வகையில் ஒரு பணி செய்ய இயலும். பத்தாண்டுகள் திங்கள்தோறும் கூடிப் பழகியோர் ஒருவரையொருவர் முகத்தாலும் ஊராலும் எழுத்தாலும் அறிவர். தம் தெருவில் அட்டையின்றி வாழும் முதியோர் யாவர் என்று அறிந்து, விற்கும் நெருக்கடி வரும் முன்னரே அவர்க்கு வாக்காளர் அட்டையோ ஆதாரோ பெற்றுத் தர உதவலாம். அதற்குள் பத்திரம் எழுதும் நாள் வந்துவிடின், உண்மையாகவே அறிந்தவர் இருவர் பதிவு அலுவலகத்திற்கு உடன் செல்லலாம். எழுத்தறியாதவர்க்காக எழுத்தறிந்தவர் மாட்டெறிதல் தமிழ்நாட்டின் பழைய அறம். எழுத்தைத் தம் உடைமையாகக் கொண்டோர்க்கு அவ்வறத்தில் முதற்பங்கு உண்டு.